இருபது நிமிடத்தில் முடித்துத் தந்தவர்

ஜெயபால் சார் இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். காலையில் பழைய ஆபீஸ் குரூப்பில் பார்த்தேன்.

பத்து மணிக்குள் குரூப் நிரம்பிவிட்டது. "தலைமைக்கு வந்த பின்னும் களத்தை மறக்காத மாமனிதர்." யாரோ ஒருவர் எழுதினார்... மற்றவர்கள் காப்பி பேஸ்ட்.

கூடவே ஒரு போட்டோ. நடுவில் சார், ஒரு பக்கம் ஒரு கிராமத்து ஆள், இன்னொரு பக்கம் அவன் பெண்டாட்டி. மூன்று பேர் கையிலும் டீ டம்ளர்.

அந்தப் போட்டோவை எடுத்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... தர்மபுரியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு உதவுவது எங்கள் வேலை. நான் ஃபீல்டு ஸ்டாஃப். அவர் எங்களுக்கு மேலே கோ-ஆர்டினேட்டர்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஃபீல்டில் அவர் கெட்டிக்காரர். வத்தல்மலைக்கு பஸ் போகாத காலத்தில் நடந்தே ஏறியவர். கதவே திறக்காத வீட்டில்கூட பத்து நிமிடத்தில் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார்.

அதற்காகத்தான் அவரை மேலே தூக்கி உட்கார வைத்தார்கள். அங்கேதான் பிடித்தது சனி.

"நான் சேர்ல உக்கார்ற ஆளு இல்லீங்க" என்று பொறுப்பேற்ற அன்றே மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

சொன்னபடி உட்காரவே இல்லை. எங்கள் ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை. உங்களுக்கு என்ன கஷ்டம் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேஸை எங்கள் கையிலிருந்து பிடுங்கி, தானே போய் "முடித்துத் தருவார்".

கூட வேலை பார்த்த அமுதாவை பாப்பிரெட்டிப்பட்டியில் நாய் கடித்துவிட்டது. அழுதுகொண்டே போன் பண்ணினாள். "எந்த வூட்டுக்குப் போயிட்டிருந்தம்மா? அட்ரஸ் அனுப்பு, நான் முடிச்சுடறேன்" என்றார். ஊசி போட அவள் தனியாகத்தான் போனாள்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துத் தாண்டிவிட்டோம். மாதம்மாள் விஷயம் அப்படி இல்லை.

மொரப்பூர் பக்கம் ஒரு கிராமம். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. சனிக்கிழமை வருவான், குடிப்பான், அடிப்பான். நாலு மாதம் அந்த வீட்டுக்கு நடந்தேன். முதல் மாதம் ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான். நாலாவது மாதம்தான் வாயைத் திறந்தாள்.

"பரீட்ச முடியட்டும் கண்ணு. பெரியவள ஹாஸ்டல்ல உட்டுட்டு, சின்னத கூட்டிக்கிட்டு சேலத்துல அக்கா வூட்டுக்குப் போயிடறேன். அந்தாளுக்கு மட்டும் தெரியக் கூடாது."

ஆதார், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். ஹாஸ்டலில் நான் இடம் பேசிவிட்டேன்.

ரிவ்யூ மீட்டிங்கில் கேஸ் நிலவரத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னேன். புருஷனுக்குத் தெரியக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சார் பைக்கில் வந்து நின்றார். "வாம்மா, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்."

"வேணாங்க சார். இன்னைக்கு அவரு வூட்ல இருப்பாருங்க."

"அதுக்குத்தாம்மா போறோம்."

போனோம். அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "ஏம்ப்பா, கட்டுனவ புள்ளைங்கள கூட்டிக்கிட்டு அக்கா வூட்டுக்குப் போறேன்னு சொல்ற அளவுக்கா வெச்சிருப்ப?"

மாதம்மாள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. பார்த்தாள்...

அவன் அழுதான். சின்னவள் தலையில் அடித்து சத்தியம் செய்தான். டீ வந்தது. "போட்டோ எடும்மா" என்றார் சார். எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். இடது கையைப் பழைய சேலைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். சர்டிபிகேட் எல்லாம் அடுப்பில் போய்விட்டதாம்.

"நீ நல்லா இருப்ப கண்ணு. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேராக ஆபீஸ் போய்ச் சொன்னேன். சார் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் முடிச்சுக் கொடுத்துட்டேன். ஃபாலோ-அப் பண்றது உன் வேலதானம்மா?"

அதன் பிறகு எந்த டிரெய்னிங் என்றாலும் இந்தக் கதைதான். இருபது நிமிடத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்த கதை. ஸ்லைடில் இதே போட்டோ.

பெரியவள் படிப்பை நிறுத்திவிட்டு திருப்பூரில் மில்லுக்குப் போனாள். மாதம்மாள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அதற்கெல்லாம் ஸ்லைடு கிடையாது.

நானும் பிறகு வேறு நிறுவனத்தில் சூப்பர்வைசர் ஆனேன். முதல் வாரமே கோகிலா என்ற ஸ்டாஃப் போன் பண்ணினாள், ஒரு வீட்டில் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள் என்று. "இரு, நானே வரேன்" என்றேன். வண்டிச் சாவி கையில் இருந்தது.

"வேணாங்க மேடம். நீங்க வந்தா கெட்டுப் போயிடும்" என்றாள்.

போகவில்லை. ஆனால் அன்று முழுக்க அவள் மேல் கோபம். வெட்கமாக இருந்தது... யாரிடமிருந்து தொற்றிக்கொண்டது என்று தெரியும்.

போன வருடம் மொரப்பூர் ஸ்டேஷனில் சாரைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகி, இளைத்திருந்தார். "இப்ப வர்றவங்களுக்கு ஃபீல்டே தெரியலம்மா" என்று ஆரம்பித்தார்.

கேட்டேன். "அந்த ஸ்லைடு போட்டோவுல இருக்குற அம்மா பேரு ஞாபகம் இருக்குதுங்களா சார்?"

கொஞ்சம் யோசித்தார். "சரோஜாதானே?"

"ஆமாங்க சார்" என்றேன். ரயில் வந்துவிட்டது.

இன்று நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். பழைய ஸ்டாஃப் எல்லோரும் வேன் பேசியிருக்கிறார்கள்.

நான் வரவில்லை சார். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.