தேவாலய வாசலில் காணாமல் போன ஷூ

வேலை விஷயமாக ஜெர்மனி வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று ஞாயிறு, தொழிற்சாலை விடுமுறை.

"ரேகன்ஸ்பர்க் வரைக்கும் வந்துட்டு ஊரைப் பார்க்காம போகலாமா சார்?" என்று உடன் வந்த கார்த்திக் மழையில் இழுத்துக்கொண்டு போனான். கல் பாலம், கோபுரம், சந்து சந்தாகத் தெருக்கள். கால் கெஞ்சியது.

கடைசியாக ஒரு பழைய தேவாலயம். வாசலில் ஷூவைக் கழற்றினேன்.

"சார், இங்க யாரும் கழட்ட மாட்டாங்க."

"நம்ம ஊர் மாதா கோயிலுக்கே கழட்டிட்டுத்தான் போவேன். நீ வேணும்னா போட்டுக்கிட்டு வா."

திரும்பி வந்தால் ஷூ இல்லை. கொண்டுவந்தது அந்த ஒரு ஜோடிதான். நாளைக் காலை கம்பெனிக்காரர்களோடு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் செருப்புக் கடை எதுவும் திறக்காது.

உள்ளே போய் விசாரித்தோம். அங்கிருந்த பணியாளர் ஓர் அறையிலிருந்து எடுத்து வந்தார். யாரோ மறந்துவிட்டுப் போனதாக நினைத்தாராம்.

"ஷூவை எப்படிய்யா மறப்பாங்க? கேளு" என்றேன். கார்த்திக் கேட்கவில்லை.

நல்ல மனிதர். வெளியே மழை, இங்கேயே உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று பெஞ்சைக் காட்டினார். சாமிக்கு எதிரிலா? கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, நனைந்த படியில் உட்கார்ந்து போட்டேன்.

இப்போது ஓட்டல் அறையில் சாக்ஸ் காய்கிறது. இடுப்பு வலி தனி. தப்பு என் மேல்தான் என்கிறான் கார்த்திக்.

நீங்களே சொல்லுங்கள். அவன் பக்கம் பேசுகிறவர்கள், எந்தக் கோயிலுக்குள் ஷூவோடு போனீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பேசவும்.