மேசைக்கடியில் மோரா

மொன்டேவிடியோ துறைமுகத்துக்கு மேற்கே, எங்கள் பேட்டையில் ஒரு கிளப் இருக்கிறது. வாசலில் 'எல்லோரையும் வரவேற்கிறோம்' என்று ஒரு பலகை. அதற்குக் கீழேயே 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள்தான் ஒரே சுத்தியலால் அடித்து மாட்டினார். அதில் முரண் இருப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

நிபியா எச்செவெரி அந்தக் கிளப்பின் பழைய உறுப்பினர். அரசு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் பார்வை மங்கத் தொடங்கி, கடைசியில் முழுதாகப் போயிற்று. வேலை போகவில்லை. இடையில் ஒரு கல்யாணம் செய்துகொண்டாள், அது நிலைக்கவில்லை. நிலைத்தது வெள்ளிக்கிழமை சாயங்காலச் சீட்டாட்டம்.

ஆட்டத்தின் பெயர் த்ரூக்கோ. இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து ஆடுவது. கையில் இருக்கும் சீட்டைக் கூட்டாளிக்குக் கண்ணடித்தோ உதட்டைக் கடித்தோ சொல்லலாம். எதிரணி பார்க்காதபடி சொல்லிவிட்டால் அது திருட்டாட்டம் இல்லை, திறமை. நிபியா சீட்டின் மூலையில் குத்திய ஊசிப்புள்ளிகளைத் தடவிப் படித்துவிடுவாள். கண்ணடிப்பதை எப்படிப் படிப்பது? அதனால் அவள் கூட்டாளி எல்பியோ மேசைக்கடியில் காலால் பேசுவார். அவள் பெருவிரல் மேல் ஓர் அழுத்து அழுத்தினால் வாள் ஏஸ், அதாவது பெரிய சீட்டுகளில் ஒன்று. கிளப் இதைச் சலுகையாக ஏற்றுக்கொண்டது. பல வருடங்களாக அந்த ஜோடியைத் தோற்கடிப்பது கஷ்டமாக இருந்தது.

எல்பியோ ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எந்தப் போராட்டமானாலும் கொடி பிடிக்க முதல் ஆள். வழிகாட்டி நாயோடு வருபவர்களை எங்கும் தடுக்கக்கூடாது என்று கேட்டு நாடாளுமன்ற வாசலில் கூட்டம் நின்றபோது, நிபியாவின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றவர் அவர். சட்டம் வந்தது. நெடுநாள் காத்திருந்த பிறகு நாயும் வந்தது: மோரா, கறுப்பு லாப்ரடார். அதன் பிறகு நிபியா யார் தோளையும் பிடிக்காமல், தான் இஷ்டப்பட்ட நேரத்துக்குக் கிளப்புக்கு வந்து போனாள்.

கேண்டீன் நடத்தும் ஒமர்தான் முதலில் புகார் சொன்னார்.

"நாய் முடி சோரிசோ சாஸேஜ்ல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"உன் பூனை ரொட்டிக்கூடை மேல தூங்குதே, அதுக்கு யாரு பதில் சொல்றாங்க?" என்றாள் நிபியா.

"அது கிளப் பூனை. உறுப்பினர் மாதிரி."

தலைவர் வால்டெமாருக்குச் சண்டை பிடிக்காது. "சட்டமெல்லாம் பொது இடத்துக்குத்தான், நிபியா. இது தனியார் கிளப். ஓட்டுக்கு விட்டுடலாம்," என்றார்.

"சட்டம் இங்கயும் செல்லும், தலைவரே. வழக்குப் போட்டா ஜெயிப்பேன். ஆனா போலீஸைக் கூட்டிட்டு வந்து நுழைஞ்ச இடத்துல அப்புறம் யார்கூட உக்காந்து ஆடறது? நீங்களா வரச் சொல்லணும். அதான் எனக்கு வேணும்."

"கவலைப்படாத, கிழவி," என்றார் எல்பியோ. "நான் பேசறேன்."

பேசினார். கூட்டத்தில் அவ்வளவு அருமையாக அதற்கு முன் யாரும் பேசியதில்லை. மனித உரிமை, மனசாட்சி, மழையில் நின்றது எல்லாம் வந்தது. ஒமர்கூடக் கைதட்டினார். பிறகு, நாய் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் வால்டெமார்.

"எனக்குக் கை தூக்கறது கேக்காதே," என்றாள் நிபியா.

"ரகசிய ஓட்டுன்னு வெச்சுக்கோயேன்."

"எனக்கு மட்டும் ரகசியமா? வேணாம்ங்கறவங்க எழுந்து பில்லியர்ட்ஸ் மேசைப் பக்கம் போங்க. நடந்தா கேக்கும்."

சிரித்தார்கள். நியாயம்தான் என்றும் சொன்னார்கள். நாற்காலிகள் நகர்ந்தன, சில செருப்புகள் தரையைத் தேய்த்துக்கொண்டு போயின. கடைசியாக ஒருவர் பூனை மாதிரிப் போனார். ஆனால் நிபியாவின் காலடியில் படுத்திருந்த மோராவின் வால் நாற்காலிக்காலில் டப் டப்பென்று அடிக்க ஆரம்பித்தது. அந்தக் கிளப்பில் மோரா வாலாட்டும் ஆள் ஒருவர்தான். நாய்க்குத் திருட்டுத்தனமாகப் பாலாடைக்கட்டி கொடுப்பவர்.

"எல்பியோ, கழிப்பறை அந்தப் பக்கம் இல்ல," என்றாள் நிபியா.



"தெரியும்," என்றார் எல்பியோ.

நாய் ஜெயித்தது. புகார் சொன்ன ஒமரே நாற்காலியை விட்டு எழவில்லை. முட்டி வலி என்று பிறகு விளக்கம் சொன்னார். எல்லோரும் நிபியாவைச் சூழ்ந்துகொண்டு வாழ்த்தினார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். எல்பியோ பின்னாலேயே வந்தார்.

"ஏன்?" என்றாள்.

"அது என் கால் மேலயே படுத்துக்குது. வாள் ஏஸ் வந்தா உனக்கு எப்படிச் சொல்றது? போன மாசம் தோத்தது அதனாலதான்."

"சொல்லியிருந்தா நாற்காலிக்குப் பின்னாடி படுக்க வெச்சிருப்பேனே."

"நீ வருத்தப்படுவியேன்னு."

"வருத்தப்படக் கூடாதுன்னு கதவையே சாத்தப் பாத்தியா?"

"உனக்கு யாரு சாத்தினா? நாய்க்குத்தான். நீ எப்பவும் போல வரலாம். நான் வந்து கூட்டிட்டுப் போறேன், கொண்டு வந்து விடறேன். இத்தனை நாள் அப்படித்தான நடந்துச்சு?"

"ஆமா. நீ கிளம்பறப்ப நானும் கிளம்புவேன். உனக்குக் காய்ச்சல்னா எனக்கு வெள்ளிக்கிழமையே கிடையாது."

"அதுல என்ன குறை கண்ட?"

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். நிபியா நாயின் வாரைக் கையில் எடுத்தாள். "வீட்டுக்கு," என்று மோராவிடம் சொன்னாள். இருவரும் தெருவைக் கடந்து போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரமாட்டாள் என்று பந்தயம் கட்டியவர்கள் தோற்றார்கள். வந்தாள், மோராவோடு. ஜன்னலோர மேசையில் தனியாக உட்கார்ந்தாள், ஆடவில்லை. எல்பியோ கண் நன்றாகத் தெரிகிற ஒருவரைக் கூட்டுச் சேர்த்து ஆடித் தோற்றார். ஆட்டம் முடிந்ததும், ஒருவர் மாற்றி ஒருவர் குடிக்கும் மாத்தேத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி, எதுவும் நடக்காதது போல அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிக் குடித்தாள். குடுவையைத் திருப்பிக் கொடுத்து, "நன்றி," என்றாள்.

மாத்தே கைமாறும்போது எங்கள் ஊரில் யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால், போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம். எல்பியோ தெர்மாஸை அக்குளில் இடுக்கியபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.