தூசி அளந்த நாள்

மே மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஆய்வகத்தைத் திறந்து, தராசின் கண்ணாடிக் கதவைத் துடைத்து, அது பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, முந்தைய நாள் ஈரம் உலர வைத்திருந்த வடிதாள்களை எடுத்தேன். காற்றை உறிஞ்சும் கருவிக்குள் ஒரு நாள் முழுக்க இருந்து, ஊரின் தூசியைப் பிடித்துக்கொண்டு வரும் தாள்கள். விழுப்புரத்தில் எனக்கு இதுதான் வேலை: போகும்போது ஓர் எடை, வரும்போது ஓர் எடை. தாளில் ஊர்ப்பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் அன்று கையில் இருந்தது அக்கா வீட்டு மாடியிலிருந்து வந்த தாள் என்று எனக்குத் தெரியும். கல் அரைக்கும் கிரஷர் பக்கத்துத் தாள் என்றால் சாம்பல் நிறத் தூசி அப்பியிருக்கும். இது ஒருநாள் கட்டிய வேட்டி அளவுக்குத்தான் அழுக்காகியிருந்தது.

அக்கா என் பெரியப்பா மகள். ஒலக்கூர் பக்கம், நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பயிரிடும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் நிலத்துக்கு மேற்கே பாறையை உடைத்து, அரைத்து, ஜல்லியாகவும் மணலாகவும் லாரியில் அனுப்புகிறார்கள். செடியின் இலை பச்சையாகத் தெரிவது மழைக்கு மறுநாள் மட்டும்தான். மாமா படுத்துத் தூங்கி வெகுநாளாகிவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். கிரஷர்காரர்கள் குவாரியை விரிவாக்க அனுமதி கேட்டபோது, ஊரார் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் அக்காதான் எழுந்து நின்று, "எங்க ஊட்டு மேல வெச்சி அளந்து பாருங்க" என்று விடாமல் கேட்டாள். ஒப்புக்கொண்டார்கள். தூசி வரம்பைத் தாண்டினால் விரிவாக்கம் நிற்கும். தாண்டாவிட்டால் அவள் வேலியோரம் வரை வெடி வைப்பார்கள்.

கருவி வைத்த அன்று சாயங்காலம் போனில் பேசியபோது அவள் குரலில் கல்யாண வீட்டுக் களை இருந்தது.

"தம்பி, ஆபீசருங்க வந்துட்டாங்க. கிரஷர்காரன் தண்ணி லாரி உட்டு ஏமாத்துவான்னு அவன் கேட்டுல ஆள நிறுத்திட்டேன். இந்தாண்ட நாங்க விடிகாலையிலயே தெருவெல்லாம், லாரி ரோடு வரைக்கும் சாணி தெளிச்சிட்டோம். வெள்ளச் சட்ட போட்டுக்கினு வர்றவங்கள புழுதியில நிக்க வெக்கலாமா? காயக் காயத் தெளிச்சிக்கினே இருந்தோம். உங்க மாமாவும் சொம்பத் தூக்கிக்கினு வந்துட்டாரு. மாப்பிள ஊர்வலத்துல மாப்பிளைக்கு வேல கெடயாது, போய் உக்காருன்னு தொரத்திட்டேன்."

அந்தத் தெருவில் அன்று பறக்கத் தூசியே இருந்திருக்காது.

செவ்வாயன்று எடை வரம்புக்குள் இருந்தது. திரும்ப நிறுத்தேன், மாறவில்லை. எங்கள் அலுவலகப் பொறியாளரிடம் போய், அன்று தெரு நனைந்திருந்ததைச் சொன்னேன்.

"நனைச்சது கம்பெனிக்காரங்களா?"

"இல்ல சார், ஊர்க்காரங்க. நம்மள மதிச்சு."

அவர் பேனாவை மூடினார். "அத நான் எந்தக் கட்டத்துல எழுதறது? ஒரு நாள் அளவுக்குத்தான் உத்தரவு. மறுபடி கேட்டு வாங்கறதுக்குள்ள அவனுக்கு அனுமதி வந்துடும்." கெட்டவர் இல்லை. மூடிய பேனாவை மறுபடி திறந்து கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை திண்டிவனம் போய், அங்கிருந்து ஆட்டோவில் அக்கா வீட்டுக்குப் போய் முடிவைச் சொன்னேன்.

"எவன் காசு வாங்கினான்?" என்றாள் முதலில். அப்படியே நம்ப விட்டிருக்கலாம். அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை, நடந்ததைச் சொன்னேன். தன் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "நாங்களேவா? நாங்களே அழிச்சிட்டமா?"

மாமா சிரித்தார். "மருவாதி பண்ணோம் மச்சான்... நல்லா மருவாதி பண்ணோம்." சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், உதடு நீலமானது. அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "வந்த ஆபீசருங்களயும் மூக்க மூடிக்கினு நிக்க வெச்சிருக்கணும்."

மாமாவின் மூச்சுக்கு இனி அந்தத் தூசி ஆகாது. இருவரும் என்னோடு விழுப்புரம் வந்துவிடுவது என்று முடிவானது. மல்லாட்டை பிடுங்க இன்னும் நாள் இருந்தது, அதற்கும் காத்திருக்கவில்லை. எடுத்துப்போக வேண்டிய துணியை மடித்து வைத்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது: எப்போதும் யாராவது ஒருவர் இருந்த வீடு அது. கதவுக்கு நாதாங்கி உண்டு, பூட்டு கிடையாது.

புதன்கிழமை விடிந்ததும் நான் செய்த முதல் வேலை, தெருமுனைக் கடைக்காரரை எழுப்பி ஒரு பூட்டு வாங்கி வந்தது.