இருநூற்றுப் பதினேழு ஈசல்கள்

எங்கள் மாப்பிள்ளை கார் வாங்கியது 2005இல். அடர்நீல நிறம். ஒரு மனிதன் இரும்புக்கு எவ்வளவு மரியாதை கொடுக்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். ஏறுவதற்கு முன் செருப்பை இரண்டு முறை தட்ட வேண்டும். கதவை அடித்துச் சாத்தக் கூடாது. உள்ளே வேர்க்கடலை தின்னக் கூடாது. நான் முப்பத்து நாலு வருடம் மரக்காணம் உப்பளத்தில் மூட்டைக் கணக்கு எழுதியவன். எத்தனையோ லாரிகள் என் முன்னால் வந்து நின்று போயிருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது யாரும் தடவிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்த ஐப்பசியில் அவர் ஆறு நாள் அலுவலக வேலையாக ஐதராபாத் போனார். என் மகள் லைசன்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்தான். சென்னையிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று அவள் நாலு நாள் விடாமல் கேட்டிருக்கிறாள். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். வண்டி போன மாதிரியே திரும்பி வந்தால் அதன் பிறகு சாவி அவளிடமே இருக்கலாம். ஒரு கீறல் இருந்தாலும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுகிற நிபந்தனை. அவளுக்கு வயது இருபத்தொன்பது.

அவள் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் மணி ஆறு நாற்பது. முந்தின நாள் மழை பெய்து விட்டிருந்தது. கழுவெளி ஏரி ஓரமாக வரும்போது ஈசல் கூட்டம் எதிரே வந்து மோதியிருக்கிறது. காரின் முகம் முழுக்க இறக்கையும் குடலுமாக அப்பிக் கிடந்தது. நான் டார்ச் அடித்து எண்ணினேன். எஞ்சின் மேலிருக்கும் முன்மூடியில் நூற்று நாற்பத்து மூன்று, கண்ணாடியில் நாற்பத்தொன்று, கீழே பம்பரில் முப்பத்து மூன்று. மொத்தம் இருநூற்றுப் பதினேழு.

"உள்ள வாங்கப்பா, காலைல பாத்துக்கலாம்" என்றாள் மகள். "ஈரத்துணி போட்டு ஊற வைக்கணும். பத்து நிமிஷம் ஊறினா தானா கழண்டுடும். காஞ்சதத் தேச்சாதான் பெயிண்ட்ல கோடு விழும்."

பக்கத்து வீட்டில்தான் என் மச்சினன் இருந்தான், மனைவியின் தம்பி. உப்பு லாரி ஓட்டுகிறவன். டார்ச் வெளிச்சத்தைப் பார்த்ததும் வந்துவிட்டான். யாரும் கேட்காமல் யோசனை சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"இதுக்குப் போயா ஊற வைக்கிறது? கெரசின்ல துணிய நனைச்சு, தேங்கா நார வெச்சு ரெண்டு இழுப்பு இழுத்தா போயிடும் மாமா. நான் இருவது வருஷமா அப்டிதான் பண்றேன்."

"உன் லாரிக்கு என்ன கலர்?" என்று கேட்டேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "பச்சைன்னுதான் ஆர்சி புக்ல இருக்குது" என்றான்.

அந்த அறிவாளியை அனுப்பிவிட்டு வந்து படுத்தேன். மகளுக்கு முன்னால் எழுந்து நானே முடித்துவிடுவது என்று தீர்மானம் செய்திருந்தேன். தனியாக நூற்று இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்தவள் தூங்கட்டும். தவிர, இந்த வீட்டில் ஒரு வேலையை எண்ணிச் சரியாகச் செய்ய வேறு ஆள் இல்லை என்பது என் எண்ணம்.

ஐந்தரைக்கு எழுந்தேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வண்டிக்கா? குடிக்கிற தண்ணி ரெண்டு குடம் எடுத்துக்கங்க. கெணத்துத் தண்ணி வேணாம்."

பஞ்சாயத்துக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற தண்ணீர் அது. வரிசையில் நின்று பிடிப்பது. அதைக் கொண்டுபோய்க் காருக்கு ஊற்றச் சொல்கிறாள். மாப்பிள்ளை வீட்டு வியாதி இவளுக்கும் தொற்றிக்கொண்டது என்று நினைத்தேன். எங்கள் கிணற்றுக்கு என்ன குறை? நாற்பது வருடமாக அதில்தான் குளிக்கிறோம், துவைக்கிறோம். உப்பளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் கிணறு நல்ல கிணறு என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லி வந்தவன் நான்.

ஒன்பது வாளி இறைத்தேன். மூன்று பழைய பருத்தி வேட்டிகளை நனைத்து முன்மூடியில் விரித்தேன். பத்து நிமிடம் கடிகாரம் பார்த்தேன். காயக் காய நனைத்தேன். பிறகு ஒரே திசையில், அழுத்தாமல், துணியை மடிப்பு மாற்றி மாற்றித் துடைத்தேன். மகள் சொன்னது சரிதான். ஈசல்கள் கூழாகிக் கழன்று வந்தன. ஏழரைக்கு ஒன்று கூட மிச்சமில்லை. திண்டிவனம் வரை தேடினாலும் இவ்வளவு பொறுமையாகச் செய்கிற ஒரு கிளீனர் கிடைக்கமாட்டான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஈரத்தை வெயில் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டு உள்ளே போனேன். நாலு இட்லி சாப்பிட்டேன். பேப்பரைப் பன்னிரண்டு பக்கமும் படித்தேன்.

ஒன்பது பத்துக்கு வெளியே வந்தால் கார் நீலமாக இல்லை. மழைக்குப் பிறகு வருகிற வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. முன்மூடி முழுக்க வெள்ளை பூத்திருந்தது. சொட்டு நின்ற இடத்திலெல்லாம் வட்ட வட்டமாக, ஓரம் தடித்து, பாத்தி கட்டினாற்போல.

முப்பத்து நாலு வருடம் என் கண் முன்னால் நடந்த ஒரே காரியம் இதுதான். தண்ணீரைக் கட்டி வைத்து வெயிலில் காய விட்டால் என்ன மிஞ்சும் என்பது மரக்காணத்தில் நாய்க்கும் தெரியும்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. இன்னொரு முறை நனைத்திருந்தால் கரைந்திருக்கும். மகள் எழுந்து வருகிற சத்தம் கேட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, காய்ந்த துண்டை, காய்ந்த உப்பின் மேல் வைத்து அவசரமாகத் தேய்த்தேன். சரசரவென்று கேட்டது. கேட்டும் நாலைந்து இழுப்பு இழுத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் மச்சினன் பல் துலக்கிக்கொண்டு நின்றான். எச்சிலைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டான்.

"இன்னா மாமா, உப்பு வாரி முடிச்சிட்டீங்களா? லாரி எடுத்துட்டு வரட்டுமா?"

மகள் வந்து பார்த்தாள். குடிக்கிற தண்ணீரில் ஒரு குடத்தை மெதுவாக ஊற்றினாள். வெள்ளை போனது. கீறல்கள் போகவில்லை. மயிரிழையாக, வெயிலில் சாய்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற கோடுகள். பதினொன்று.

அவள் குனிந்து ஒரு கோட்டை விரலால் தடவினாள். "நான் தொடச்சப்ப விழுந்துதுன்னு சொல்லிடறேன். உங்க பேரு வேணாம்பா" என்றாள். அப்படிச் சொன்னால் சாவி போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாப்பிள்ளை பகல் ஒரு மணிக்கு அவள் செல்போனில் கூப்பிட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் போனை வாங்கிக்கொண்டேன்.

"மாப்பிள்ளை, வண்டியில பதினோரு கீறல். நான் போட்டது. அவ தூங்கிட்டு இருந்தா."

எதால் விழுந்தது என்று கேட்டார். உப்பு என்றேன். "சரி மாமா. அவ எப்டி ஓட்டிட்டு வந்தா?" என்றார்.

ஈசல்களை எண்ணியிருந்தேன், வாளிகளை எண்ணியிருந்தேன். அவளிடம் அதைக் கேட்கவில்லை. அந்தக் கார்ப் பைத்தியத்துக்குத் தோன்றிய கேள்வி எனக்குத் தோன்றவில்லை. போனை அவளிடம் கொடுத்தேன். மாமல்லபுரம் தாண்டி ஒரு பஸ் எப்படி நெருக்கியது, ஈசல் மோதியபோது கண்ணாடி மறைந்தும் பதறாமல் எப்படி ஓரம் கட்டினாள் என்றெல்லாம் அவள் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன்.

சாவி அவளிடமே இருந்தது. போன மாதிரி வண்டி திரும்பவில்லைதான், ஆனால் அவள் போட்ட கீறல் அதில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னாராம்.

அடுத்த வருடம் முடிவதற்குள் அவள் ஏழு முறை ஓட்டி வந்தாள். ஒவ்வொரு முறையும் பின்பெட்டியில் சென்னையிலிருந்து ஒரு கேன் தண்ணீர் வரும், பூச்சி துடைக்க. காசு கொடுத்து வாங்கிய குடிநீர். அதைவிட மடத்தனம் வேறு இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். அவள் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தித் துணியை நனைக்கும்போது நான் நாலடி தள்ளி, துண்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதற்கு மேல் நெருங்க எனக்கு அனுமதி கிடையாது.