ஊசி குத்திய முட்டைகள்

நான் அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து ஐந்து வருடம் கழித்து என் கொழுந்தனாருக்குப் பெண் எடுத்தார்கள். ஜெர்மன் சண்டை இரண்டாம் முறை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். எங்கள் தோட்டம் சேந்தமங்கலத்துக்குப் பக்கம். அவளுக்குப் பிறந்த ஊர் நாமகிரிப்பேட்டையைத் தாண்டி. கல்யாணம் முடிந்து வந்த வண்டியிலிருந்து பாத்திரங்களோடு ஒரு மூங்கில் கொடாப்பையும் இறக்கினார்கள். அதற்குள் ஒரு சேவலும் இரண்டு கோழிகளும் இருந்தன.

அப்படிப்பட்ட கோழிகளை நான் அதுவரை பார்த்ததில்லை. அலகு குட்டையாக, கிளிக்கு இருப்பதுபோல் வளைந்திருந்தது. சேவலின் வால் மண்ணில் புரண்டது. கிளிமூக்கு வால்சேவல் என்றார்கள். சுற்று வட்டாரத்தில் நாலைந்து வீடுகளில்தான் அந்த இனம் கலப்பில்லாமல் இருந்ததாம். அதில் ஒன்று அவள் அப்பாவின் வீடு.

என் மாமனார் அதிகம் பேசாதவர். ஐந்து வருடத்தில் என்னிடம் சோறு, தண்ணீர், மாடு இவற்றைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. அவர் கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கொடாப்பின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கம்பை உள்ளங்கையில் வைத்துச் சேவலுக்கு ஊட்டினார். விடிந்ததும் அவளிடம், "சாமி, நேத்துத் தீனி சரியா எடுத்துச்சா?" என்று கேட்பார். என்னை ஒருநாளும் அவர் சாமி என்று கூப்பிட்டதில்லை. நான் இரண்டு பெண்களைப் பெற்றுக் கொடுத்திருந்தேன். அவர்களைக்கூட அவர் அப்படித் தூக்கிப் பார்த்ததில்லை.

வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் கோழியைப் பார்க்க வந்தார்கள். மோர் கரைத்துக் கொடுப்பது நான், பேர் வாங்குவது அவள். எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

என் தம்பிக்கும் அந்த இனத்தின்மேல் ஆசை. அவன் ராசிபுரத்துப் பக்கம் தனிக் காட்டில் குடியிருந்தான். அவனுக்காக நான் அவளிடம் முட்டை கேட்டேன்.

"அதுக்கென்னுங்க அக்கா, தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க," என்று ஆறு முட்டைகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். எனக்கே வெட்கமாகிவிட்டது. இவளைப்போய் இவ்வளவு நாளும் கருவிக்கொண்டிருந்தோமே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

ஒரு முட்டையும் பொரிக்கவில்லை. அழுகிப்போனவற்றைத் தம்பி வெயிலில் பிடித்துக் காட்டினான். ஒவ்வொன்றின் தடித்த முனையிலும் ஊசி குத்திய சின்ன ஓட்டை இருந்தது.

"இனம் வெளிய போயிடக் கூடாதுன்னு பண்றதுதான் அக்கா. குழம்பு வெக்க ஆகும், குஞ்சு ஆகாது," என்று சிரித்தான் அவன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குஞ்சு பொரிச்சுதுங்களா அக்கா?" என்று அவளும் கேட்கவில்லை.

அவளுடைய கோழிகளில் செங்கீரி நிறத்தது ஒன்றுதான் அப்போது முட்டையிட்டுக்கொண்டிருந்தது. மற்றது இளசு. செங்கீரியின் முட்டைகளை அவள் உமிக்கூடையில் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றிலும் கரியால் ஒரு புள்ளி வைப்பாள். ஒன்பது சேர்ந்ததும் மறுநாள் அடை வைப்பதாகச் சொன்னாள். அன்று மத்தியானம் அவள் கிணற்றடிக்குத் துவைக்கப் போயிருந்தபோது, ஒன்பதையும் எடுத்துவிட்டு என் நாட்டுக்கோழி முட்டைகளை உமியில் வைத்தேன். அடுப்புக் கரியால் புள்ளியும் வைத்தேன். அந்த வாரம் என் பிறந்த ஊரில் மாரியம்மன் நோன்பி. பஞ்சில் பொதிந்த முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஏறினேன்.

தம்பி வீட்டில் ஐந்து பொரித்தன. மூன்று தங்கின.

எங்கள் வீட்டில் ஏழு பொரித்தன. அவள் அரிசிக் குருணையும் நறுக்கிய வெங்காயமும் போட்டு வளர்த்தாள். இரண்டு மாதத்தில் ஊர்க் கோழியின் நீட்டு மூக்கும் பூக்கொண்டையுமாக ஏழும் நின்றன. பார்க்க வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். செங்கீரி காட்டுப் பக்கம் போய் ஏதோ ஊர்ச் சேவலோடு சேர்ந்துவிட்டது, இனம் கெட்டுப்போனது என்றார்கள். அவள் அப்பா வந்து பார்த்துவிட்டு, "செங்கீரிய இனி வெச்சிருக்கக் கூடாது சாமி, அறுத்துப் போடு," என்று சொல்லிப் போனார்.

நான் எதிர்பார்த்தது அவள் தலை குனிய வேண்டும் என்பது மட்டும்தான். கோழியை அறுப்பார்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை. குழம்பு நான்தான் வைத்தேன். அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

அடுத்த கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுந்தன. ஒரு வாரத்தில் ஊரில் கூவுவதற்குச் சேவல் இல்லை. அவளுடைய வால்சேவலும் இளங்கோழியும் ஒரே நாளில் போயின. மாமனார் சேவலைத் துண்டில் சுற்றிக் கிணற்று மேட்டில் புதைத்துவிட்டு, கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டார். அவள் பிறந்த வீட்டிலும் ஒன்றும் மிஞ்சவில்லை என்று செய்தி வந்தது. அவள் இரண்டு நாள் அடுப்படிப் பக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், வெறும் கொடாப்பைப் பார்த்தபோது முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

தம்பியின் தனிக்காட்டுக்கு மட்டும் நோய் எட்டவில்லை. அங்கே ஒரு சேவலும் இரண்டு கோழிகளும் பழுதில்லாமல் இருந்தன. இனி அவை என்னுடையவை, என்னிடம் மட்டும் இருப்பவை என்று நினைத்தேன். மாமனாரின் கட்டில் என் கொடாப்பின் பக்கம் வரும் என்றும் நினைத்தேன். கழிச்சல் அடங்கி மழை பெய்ததும் மூன்றையும் வண்டியில் கொண்டுவந்து வாசலில் விட்டேன்.

"தம்பி கொல்லிமலை அடிவாரத்துல ஒருத்தர்கிட்ட வாங்கினானுங்க," என்றேன் மாமனாரிடம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் ஒரு கோழியைத் தூக்கினாள். இடது காலின் சின்ன விரல் உள்ளே வளைந்திருந்தது. அதை விரலால் நீவிக்கொண்டே வெகுநேரம் பார்த்தாள். மாமனார் கம்பு எடுக்க உள்ளே போனதும்தான் பேசினாள்.

"செங்கீரிக்கும் இதே விரல்தானுங்க அக்கா."

நான் மற்றக் கோழியைப் பிடிக்கக் குனிந்தேன்.

"எடுத்தது போகட்டும். நான் ஊசி குத்திக் குடுத்தவதான். ஆனா அதை அறுக்கறப்ப நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே."

அவ்வளவுதான் கேட்டாள். கோழியை இறக்கி விட்டுவிட்டுத் தண்ணீர் வைக்கப் போனாள்.

வளர்க்கிற கை அவளுக்குத்தான் இருந்தது. என்னிடம் ஒரு மாதம் இருந்ததில் சேவலின் வாலிறகு மூன்று முறிந்தன. பிறகு நானே எல்லாவற்றையும் அவளிடம் விட்டுவிட்டேன். கட்டிலும் அவள் பக்கமே போனது. அடுத்தடுத்த வருடங்களில் கேட்டவர்களுக்கெல்லாம் முட்டை கொடுத்தாள். ஒன்றிலும் ஊசி படவில்லை. சண்டை முடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு ஊர்களில் கிளிமூக்கு நடமாடியது. அவள் அப்பாவும் எங்களிடம் வந்துதான் குஞ்சு வாங்கிப் போனார்.

பார்க்க வருகிறவர்கள், "எங்கிருந்து வந்த இனமுங்க?" என்று அவளைக் கேட்பார்கள்.

"அக்கா பொறந்த ஊட்டுலேருந்து வந்ததுங்க. அவங்க இல்லீன்னா இந்த இனமே இல்லீங்க," என்பாள். குத்தலாகச் சொல்வதுபோல் தெரியாது. மனதாரத்தான் சொல்வாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். ஆனால் அவளால் அப்படிச் சொல்ல முடிகிறதே, என்னால் ஒருநாளும் முடியாதே என்றுதான் அப்போது தோன்றும். மோர்ச் சொம்போடு நின்றுகொண்டு அதற்கும் அவள்மேல் பொறாமைப்பட்டேன்.