ஏழு நாள் அரிசி

எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், மூடி போட்ட நீல வாளி ஒன்று இருக்கிறது. கழுவிக் கழுவி அதன் மேலிருந்த எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. இப்போது அதில் வெங்காயம்தான் கிடக்கிறது. ஆனாலும் போன கிழமை மகள் ஓடிவந்து, "உம்மா, ஸ்கூல்ல நுவரெலியாவுக்கு ட்ரிப் போறாங்களாம்!" என்றதும் என் கண் நேரே அந்த வாளிக்குத்தான் போனது.

ட்ரிப் என்ற சொல் கல்முனைப் பக்கத்தில் படாத பாடு படுகிறது. வீடு கட்டுகிறவருக்கு டிரக்டரில் வரும் மண் இரண்டு ட்ரிப். பள்ளிக்கூட வேன்காரருக்குக் காலையில் மூன்று ட்ரிப். ஹஜ்ஜுக்குப் போவதை மட்டும் மரியாதையாகப் பயணம் என்போம். கடல் தொழில் செய்யும் வீடுகளில் ட்ரிப் என்றால் வேறு கணக்கு. போட் ஒலுவில் துறைமுகத்தை விட்டுப் போய், திரும்பி வந்து கட்டும்வரைக்கும் ஒரு ட்ரிப். அதுவரை அந்த வீட்டுப் பெண்களுக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

என் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், அப்படிப் போய்க்கொண்டிருந்தவர். போட்டில் நாலு பேர். அவர்களுக்கு அரிசி அளந்து அந்த வாளியில் போடுவது என் வேலை. நாளொன்றுக்கு நாலு சுண்டு. கடைசியில், திரும்பி வரும் வழிக்கென்று பிஸ்மில்லாஹ் சொல்லி இன்னும் மூன்று நாளுக்குரியது. உம்மா காலத்திலிருந்தே அப்படித்தான். அந்த ஒரு தடவை காக்கா அவசரப்பட்டார். "ஏழு நாள் ட்ரிப்தானே புள்ள, ஐஸ் ஏத்தவே இடமில்ல, போட்டதே காணும், போதும் விடு." எனக்கும் அன்றைக்குச் சள்ளையாக இருந்தது. "உங்கட வயிறு, உங்கட பாடு" என்று அந்த மூன்று நாள் அரிசியைப் போடாமலே மூடியை அமத்திவிட்டேன். இந்த வாயை என்ன செய்வது!

ஐந்தாம் நாள் ரேடியோவில் இன்ஜின் நின்றுவிட்டது என்றார்கள். பிறகு சத்தமே இல்லை. எட்டாம் நாள் பகல் உலையில் அரிசி போடக் கை நீட்டினேன். அள்ளிய அரிசியைத் திரும்பப் பானையிலேயே கொட்டினேன். அந்த வாளியில் எத்தனை சுண்டு போனது என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் காற்றுக்கும் அலைக்கும் பயந்தார்கள். நான் அந்த வாளியின் அடிக்குப் பயந்தேன். காக்காவின் மனைவி, என் மதினி, யாசீன் ஓதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அரிசி கூடப் போட்டீங்கதானே?" என்று கேட்டார். "ஓம் மதினி, நிறையப் போட்டன்" என்றேன். யா அல்லாஹ், யாசீன் கிதாபுக்கு முன்னால் இருந்துகொண்டு அந்தப் பொய்யைச் சொன்னேன்.

பதினேழாம் நாள் வேறொரு போட் அவர்களை இழுத்து வந்தது. காக்கா கன்னம் ஒட்டி, நடக்கமாட்டாமல் வந்தார். வாளியைக் கழுவிக் கொண்டுவந்து என் கையில்தான் தந்தார். அவராகவே, "நீ போட்டது காணும் புள்ள" என்றார். சோறு வைத்தேன். பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கையால் மூடிக்கொண்டு, "இது நாளைக்கு" என்றார். மதினி குழறி அழுதார். நான் குசினிக்குள் போய் நின்றேன்.

அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. துறைமுகத்தில் ஐஸ் இறக்குகிறார். அந்த அரிசியைப் பற்றி நாங்கள் கதைத்ததே இல்லை.

இன்று காலை மகளின் பையில் சோற்றுப் பார்சல், பிஸ்கட், ரொட்டி என்று அடுக்கினேன். ஸிப் பூட்டவில்லை. "ஒரு நாள் ட்ரிப்தானே உம்மா, எல்லாரும் சிரிப்பாங்க!" என்று அவள் ரொட்டியை வெளியே எடுத்து வைத்தாள். மருமகளை வழியனுப்ப வந்திருந்த காக்கா கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, வாளியைத்தான் பார்த்தார்.

"அதப் போடு புள்ள, இன்னொண்டும் போடு" என்றார். "அண்டைக்கு எங்களுக்குக் காணல்ல."