இரண்டாவது தட்டு

எங்கள் இபாதான் ஊரில் சாப்பிடுகிறவர்கள் வாசலில் போகிறவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டாக வேண்டும். போகிறவர்களோ, "நல்லபடியா உள்ள எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். யாரும் உட்கார மாட்டார்கள்.

எதிர்வீட்டு அபேகே அக்கா, புருஷன் தவறிப்போன பிறகு, மத்தியானம் ஒற்றை ஆளுக்கு அமலா களி கிண்டி, எவேது கீரைக் குழம்பை ஊற்றிக்கொண்டு, கதவைத் திறந்துவைத்துத்தான் சாப்பிடுவாள். "வா தம்பி, சாப்பிடலாம்!" என்பாள். எட்டு வருஷமாக நானும் நிற்காமலே பதில் சொல்லிப் போயிருக்கிறேன்.

போன வாரம், ரோடு போட வந்த சீனாக்காரன் ஒருவன் அந்த வழியாகப் போனான். அக்கா கையைக் காட்டிக் கூப்பிட்டதும், மடையன், கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து அவள் தட்டையே காலி பண்ணிவிட்டான். தெருவே சிரித்தது.

"ஒங்க களியெல்லாம் போச்சாக்கா?" என்றேன்.

"போனா போகுது. வெரல நக்கித் தின்னான்டா!" என்றாள்.

மறுநாள் ரோடு வேலை ஊருக்கு வெளியே நகர்ந்துவிட்டது. அவன் வரவில்லை. அக்கா பெரிய சட்டியில் கிண்டியிருந்தாள். அவளுக்கு எதிரே இன்னொரு தட்டில் களி ஆவி பறக்க இருந்தது.

"வா தம்பி, சாப்பிடலாம்."

"நல்லபடியா உள்ள எறங்கட்டும்க்கா" என்றது பாழாய்ப்போன என் வாய்.

அந்த இரண்டாவது தட்டு எனக்கு உறைத்ததே தெருமுனைக்கு வந்த பிறகுதான்.